காலி இடங்களின் கணக்கு: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்ஃபர் சேர்க்கை

2008 மார்ச்சில் ஹார்வர்டு கல்லூரி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த இரண்டு கல்வியாண்டுகளுக்கு வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வரும் மாணவர்கள் யாரையும் சேர்ப்பதில்லை; விடுதியில் இடம் இல்லை என்பதுதான் காரணம். அந்த ஆண்டுக்கான விண்ணப்பங்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டன. கட்டுரை எழுதித் திருத்தி, பேராசிரியர்களின் அறை வாசலில் நின்று பரிந்துரைக் கடிதம் வாங்கி அனுப்பியவர்களெல்லாம் தகுதி போதவில்லை என்று திருப்பி அனுப்பப்படவில்லை. அவர்களுடைய தகுதியை யாரும் பார்க்கவே இல்லை. கட்டில் பற்றாக்குறை முடிவு செய்துவிட்டது. 2010இல் கதவு மீண்டும் திறந்தபோதும் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேர் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

பிரின்ஸ்டனின் கதை இன்னும் நீளம். 1990க்குப் பிறகு அது டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எடுப்பதையே நிறுத்தி வைத்திருந்தது. 2018இல்தான் மறுபடி தொடங்கியது. முதல் ஆண்டில் 1,429 பேர் விண்ணப்பித்தார்கள்; 13 பேருக்கு இடம் கிடைத்தது.

இதே நாட்டின் இன்னொரு கரையில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமான யுசிஎல்ஏவில், ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். பள்ளி முடித்து நேராக விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட அங்கே இடம் கிடைப்பதில்லை. டிரான்ஸ்ஃபராக விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. மூன்றுமே உலகப் பட்டியல்களின் மேல்வரிசையில் நிற்கும் நிறுவனங்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

டிரான்ஸ்ஃபர் சேர்க்கையைப் பற்றிப் பேசும் வழிகாட்டி நூல்களும் ஆலோசகர்களும் பெரும்பாலும் மாணவரிடமிருந்தே தொடங்குகிறார்கள். மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது, கட்டுரையை எப்படி எழுதுவது என்பதே பேச்சு. என் கணிப்பில் தொடங்க வேண்டிய இடம் வேறு. அந்தப் பல்கலைக்கழகத்தில் நடுவில் இடம் எப்படிக் காலியாகிறது, யாருக்காகக் காலியாக வைக்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதலாண்டுச் சேர்க்கையில் ஆண்டுதோறும் ஒரு முழு வகுப்பு நிரப்பப்பட வேண்டும். எத்தனை இடம் என்பது முன்கூட்டியே தெரியும். டிரான்ஸ்ஃபரில் சில இடங்களில் அது மிச்சம் மீதி. சில இடங்களில் சட்டமும் திட்டமும் போட்டு ஒதுக்கிய பங்கு. விண்ணப்பிப்பவருக்கு இந்த இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

திட்டமிட்ட பங்கு எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பருக்கு ஓர் எண்ணம் இருந்தது: பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கல்வியின் நீட்சி, கடைசி இரண்டு ஆண்டுகள்தான் உண்மையான பல்கலைக்கழகக் கல்வி. தம் பல்கலைக்கழகத்தையே கீழ்க்கல்லூரி, மேல்கல்லூரி என்று இரண்டாகப் பிரித்தார். முதல் பாதியை வேறு யாராவது நடத்தினால் இன்னும் நல்லது என்று அவர் நினைத்ததன் விளைவாக, இலினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜே. ஸ்டான்லி பிரவுனின் துணையோடு 1901இல் ஈராண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கியது. முதல் ஆண்டில் ஆறு மாணவர்கள். இன்று சமுதாயக் கல்லூரி என்று அழைக்கப்படும் நூற்றுக்கணக்கான அமெரிக்க நிறுவனங்களுக்கு அதுவே மூத்தது. ஆக, இந்தக் கல்லூரிகள் பிறக்கும்போதே டிரான்ஸ்ஃபர் என்கிற எண்ணத்தோடுதான் பிறந்தன. அதில் பெருந்தன்மையும் இருந்தது. கூட்டத்தை வாசலுக்கு வெளியிலேயே வடிகட்டிவிடலாம் என்ற கணக்கும் இருந்தது. இந்த இரட்டைக் குணம் இன்றுவரை போகவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிச் செலவைக் கொடுத்தது. 1947இல் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். வழக்கமான பதினெட்டு வயது மாணவருக்கென்று அமைந்த சேர்க்கை முறை அவர்களுக்குப் பொருந்தவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் அதே 1947இல் ‘ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ்’ என்ற தனிக் கல்லூரியையே உருவாக்கியது. படிப்பை இடையில் விட்டவர்களும் ராணுவத்திலிருந்து வருபவர்களும் இன்றும் அந்த வழியாக கொலம்பியாவுக்குள் வருகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை விட்னி பெயரில் இதுபோன்ற ஒரு திட்டம் உண்டு. பிரவுனிலும் ஒன்று உண்டு. இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பொது டிரான்ஸ்ஃபர் வரிசையில் நின்று மோதுவதற்கு முன் இந்தப் பக்கவாசல்களைப் பார்ப்பது நல்லது. தெரியாமலே தவறவிடுபவர்கள் பலர்.

ஆனால் முழுத் திட்டமாக இதைச் செய்துகாட்டியது கலிஃபோர்னியாதான். 1960இல் கிளார்க் கெர் முன்நின்று உருவாக்கிய உயர்கல்விப் பெருந்திட்டம் மாநிலத்தின் கல்வி நிறுவனங்களை மூன்று அடுக்காகப் பிரித்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 சதவீதத்தினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். மற்ற எல்லோருக்கும் தடையில்லாமல் ஈராண்டுக் கல்லூரிகள். உயர்அடுக்கின் வாசல் அதற்கு முன்பு இருந்ததைவிடக் குறுகியது. அதற்கு ஈடாக ஒரு வாக்குறுதி தரப்பட்டது: கீழடுக்கில் நன்றாகப் படித்தவர் மூன்றாம் ஆண்டில் மேலடுக்குக்குள் வரலாம். அதற்கு இடம் வேண்டுமே? பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, மேல்வகுப்பு மாணவர்கள் 60 சதவீதம் இருக்க வேண்டும் என்று விகிதமே வகுத்தார்கள். மாணவர் வரும்முன்பே நாற்காலி போட்டு வைத்தார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்தின் சிறப்பு. பிற்காலத்தில் இதுவே இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற இலக்காக வந்து நின்றது.

அதே 1960இல், அதே கலிஃபோர்னியாவிலிருந்து, இதன் மறுபக்கத்தைச் சொன்ன ஒரு கட்டுரையும் வந்தது. சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசே ஈராண்டுக் கல்லூரியை ஆராய்ந்து எழுதியது. ஏமாற்றுக் கும்பல்களைப் பற்றி எர்விங் கோஃப்மன் 1952இல் எழுதிய ஒரு கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். கும்பல் ஒருவனிடம் பணத்தைப் பறித்த பிறகு, ஒரு கூட்டாளி மட்டும் அவன் கூடவே இருந்து ஆறுதல் சொல்வான். அவன் போலீசுக்குப் போகாமல் இருப்பதற்காக. ஈராண்டுக் கல்லூரியும் இப்படித்தான் சூடு தணிக்கிறது என்றார் கிளார்க். பட்டம் வாங்கலாம் என்ற ஆசையோடு வருபவரைத் தேர்வு, ஆலோசனை, வேறு படிப்புப் பற்றிய யோசனை என்று மெல்ல மெல்லத் திருப்பி, கடைசியில் அவரே தன் ஆசையைக் கைவிடும்படி செய்துவிடுகிறது. குற்றம் அமைப்பின் மேல் விழாமல் அவர் தலையிலேயே விழுகிறது. கடுமையான வாதம்தான். ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்தும் எண்கள் அவரை முழுதாகப் பொய்யாக்கிவிடவில்லை. சமுதாயக் கல்லூரியில் சேரும்போது பத்தில் எட்டுப் பேர் இளநிலைப் பட்டம் வரை போக வேண்டும் என்கிறார்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு உண்மையில் மாறுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுபவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர்.

கடந்து போனவர்களில் பெரிய பெயர்களும் உண்டு. 1984இல் வேதியியல் நோபல் பெற்ற புரூஸ் மெரிஃபீல்டு பாசடீனா ஈராண்டுக் கல்லூரியில் தொடங்கி யுசிஎல்ஏவுக்குப் போனவர். மனித மரபணுத்தொகுதியைப் படித்தெடுத்த போட்டியில் முன்நின்ற கிரெய்க் வென்ட்டர் வியட்நாமிலிருந்து திரும்பி சான் மட்டேயோ கல்லூரியில் சேர்ந்து, பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்கு மாறினார். பராக் ஒபாமா 1981இல் ஆக்சிடென்டல் கல்லூரியிலிருந்து கொலம்பியாவுக்கு மாறியவர். இந்தப் பெயர்களைச் சொல்லி ஊக்கம் கொடுப்பது எளிது. நூற்றுக்கு எண்பத்து நான்கு பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதுதான் கடினம்.

இனி மிச்சம் மீதியாக இடம் வரும் பல்கலைக்கழகங்களைப் பார்ப்போம். ஹார்வர்டிலோ ஸ்டான்ஃபோர்டிலோ முதல் ஆண்டு சேர்ந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வருகிறார்கள். விட்டுப் போகிறவர் அரிது. அதனால் இடமும் அரிது. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்று சேர்க்கை விகிதம் இறங்கி நிற்பதற்கு இதுவே காரணம். அங்கே நிராகரிக்கப்படுவதிலிருந்து ஒரு மாணவர் தன்னைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கார்னெல் வேறு மாதிரி. அதன் வேளாண் கல்லூரியும் தொழிலாளர் உறவுகள் கல்லூரியும் நியூயார்க் மாநிலத்தின் ஆதரவோடு நடப்பவை. மாநிலத்தின் ஈராண்டுக் கல்லூரிகளோடு அவற்றுக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு. அதோடு, முதலாண்டில் இடம் தர முடியாத சிலரிடம் ‘ஓராண்டு வேறெங்காவது படி, இந்த மதிப்பெண்ணை எடு, அடுத்த ஆண்டு வா’ என்று எழுத்திலேயே சொல்லிவிடும் வழக்கமும் கார்னெலுக்கு உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகமும் இதைப் போன்ற ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது: தன் துணை வளாகங்களில் ஓராண்டு படித்து 30 கிரெடிட்டும் (பாட அலகு) 3.2 ஜிபிஏவும் (சராசரி மதிப்பெண் புள்ளி) எடுத்தால் ஆஸ்டினில் கலைப் பிரிவில் இடம் உண்டு.

பல்கலைக்கழகங்கள் ஏன் இப்படித் தள்ளிப்போட்டு எடுக்கின்றன? இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. கல்லூரிகளின் பட்டம் முடிக்கும் விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கணக்கெடுக்கப்பட்டவர்கள், முதன்முறையாகக் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் மட்டுமே. தரவரிசைப் பத்திரிகைகள் பார்க்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்களும் முதலாண்டு வகுப்புக்கு உரியவைதான். நடுவில் வந்தவர் எத்தனை பேர், எப்படிப்பட்டவர் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. முதலாண்டு வாசலை இறுக்கமாக வைத்து எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிவிட்டு, கட்டணம் கட்டக்கூடியவர்களைப் பின்வாசல் வழியாக எடுத்துக்கொள்ள இது வசதி. எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படிச் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. செய்தால் தண்டிக்கிற அளவுகோல் எதுவும் இல்லை என்கிறேன். மறுபுறம், ஒரு சமுதாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் சான்றிதழ் வாங்கும் முன்பே பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால், பழைய கணக்கின்படி அந்தக் கல்லூரிக்கு அவர் படிப்பை முடிக்காதவர். பிற்காலத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களையும் சேர்த்து எண்ணும் கூடுதல் அளவுகள் வந்திருக்கின்றன. ஆனால் தலைப்பில் அச்சாகும் எண் இன்னும் பழையதுதான்.

2019இல் இன்னொன்றும் நடந்தது. வேறு கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவரைத் தேடிப்போய் அழைக்கக்கூடாது என்று கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் தன் நெறிமுறையில் எழுதி வைத்திருந்தது. அது போட்டியைத் தடுப்பதாக நீதித்துறை ஆட்சேபித்ததால் சங்கம் அதை நீக்கிவிட்டது. மாணவருக்கு வரும் அழைப்பு மின்னஞ்சல்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்துக்கு வருவோம். தனியார் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் கடைசி நாள். ஓராண்டுக்குள்ளேயே மாற நினைப்பவரின் கையில் அப்போது ஒரே ஒரு பருவத்தின் மதிப்பெண்தான் இருக்கும். அதனால் பள்ளி மதிப்பெண்களே அவருடைய விண்ணப்பத்தைத் தூக்கும் அல்லது அமுக்கும். பள்ளியில் சறுக்கியவர் கல்லூரியில் எழுந்துவிட்டேன் என்று காட்ட வேண்டுமானால் இரண்டு ஆண்டு தேவை. மூன்றாம் ஆண்டுக்குள் நுழையும் விண்ணப்பத்தில் பள்ளிக் கதை பின்னுக்குப் போய்விடும். இதுதான் டிரான்ஸ்ஃபர் முறையின் உண்மையான கொடை என்பேன்; பதினேழு வயது மதிப்பெண்ணை ஆயுள் தண்டனையாக ஆக்காத ஏற்பாடு. ஆனால் மேலேயும் ஒரு வரம்பு உண்டு. ஹார்வர்டு குறைந்தது ஓராண்டு முழுநேரப் படிப்பைக் கேட்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் படித்தவரை ஏற்பதில்லை. தன்னிடம் இரண்டு ஆண்டாவது படிக்க வேண்டும் என்கிறது. அளவுக்கு மேல் கிரெடிட் சேர்த்தவரும் வெளியே நிற்க நேரும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எல்லாமே இன்னும் திட்டவட்டம். 60 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் இரண்டும் கணிதத்தில் ஒன்றும் உட்பட ஏழு பாடங்கள் கட்டாயம். மாநிலத்தவருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ 2.4, வெளியாருக்கு 2.8. இது வாசற்படி மட்டுமே. யுசிஎல்ஏவோ பெர்க்லியோ எடுப்பவர்களின் ஜிபிஏ பெரும்பாலும் 3.7க்கு மேலே இருக்கும். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பதே இல்லை. பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை. நான்கு சிறு கட்டுரைகள். அவற்றில் கட்டாயமானது, தேர்ந்தெடுத்த மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) எப்படித் தயாராகியிருக்கிறீர்கள் என்பது. ஒன்பது இளநிலை வளாகங்களில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு உறுதிச் சேர்க்கை தருகின்றன: குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் முடித்து, செப்டம்பரில் ஒரே ஒரு வளாகத்துக்கு முன்விண்ணப்பம் கொடுத்து, பிறகு வழக்கமான விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ மூன்றிலும் இந்த உறுதி இல்லை. விவரம் தெரிந்த மாணவர்கள் ஆறில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றுக்கும் முயல்கிறார்கள்.

சறுக்கல் நேரும் இடம் மேஜர்தான். யுசிஎல்ஏவில் நான்கில் ஒருவருக்கு இடம் என்றேன். கணினி அறிவியலுக்கு மட்டும் பார்த்தால் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பொறியியலுக்கு விண்ணப்பிப்பவர் நுண்கணித வரிசை முழுவதையும், நேரியல் இயற்கணிதத்தையும், வகைக்கெழுச் சமன்பாடுகளையும், இயற்பியல் வரிசையையும் சமுதாயக் கல்லூரியிலேயே முடித்திருக்க வேண்டும். இந்தப் பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வருபவை. முதல் பருவத்தில் ஒன்றைத் தவறவிட்டால் கடைசியில் ஓராண்டு தள்ளிப்போகும். ‘முதலில் பொதுப்பாடங்களை முடித்துவிடு, மேஜரைப் பிறகு பார்க்கலாம்’ என்ற அன்பான ஆலோசனை இங்கே விஷம். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை ‘அசிஸ்ட்’ என்ற அரசுத் தளம் வரிவரியாகக் காட்டுகிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைப் பார்த்து நான்கு பருவத்துக்கும் அட்டவணை போடுகிறவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

தனியார் பல்கலைக்கழகங்கள் கேட்கும் கட்டுரையின் மையக் கேள்வி ஒன்றே: ஏன் மாற விரும்புகிறீர்கள்? இதற்கு மாணவர்கள் எழுதும் விடைகளில் பாதி, இப்போதைய கல்லூரியின் மேல் வைக்கும் புகார்ப் பட்டியல். மீதி, போக நினைக்கும் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தை அதற்கே திருப்பிப் படித்துக் காட்டுவது. இரண்டும் எடுபடாது. படிக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது, ஒரு படிப்பு எதுவரை போய் எங்கே முட்டி நிற்கிறது என்பது. மொழியியலில் இரண்டு பாடம் மட்டுமே உள்ள கல்லூரியில் இரண்டையும் படித்து முடித்து, ஒரு பேராசிரியரோடு சின்ன ஆய்வும் செய்துவிட்டு, அடுத்த படி இங்கே இல்லை என்று சொல்பவரின் காரணத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. அதற்கு அவர் அந்தக் கல்லூரியில் ஏதாவது செய்திருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே வெளியேறும் கதவைப் பார்த்துக்கொண்டு, எந்தப் பேராசிரியருக்கும் முகம் தெரியாமல் இருந்தவரால் பரிந்துரைக் கடிதமும் வாங்க முடியாது, காரணமும் எழுத முடியாது. மாற வேண்டுமென்றால் இருக்கிற இடத்தில் வேரூன்ற வேண்டியிருப்பது இதன் வேடிக்கை.

இப்போதைய கல்லூரி அதிகாரி கையெழுத்திடும் நன்னடத்தைப் படிவம், நடப்புப் பருவத்தின் இடைக்கால மதிப்பெண் அறிக்கை ஆகியவையும் கேட்கப்படும். வெறும் சடங்கு போலத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. 2007இல் ஒருவர் எம்ஐடியில் படித்ததாகப் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி ஹார்வர்டுக்குள் டிரான்ஸ்ஃபராக நுழைந்தார். உண்மையில் அவர் வேறொரு சிறிய கல்லூரியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர். முதல் பருவத்தில் எம்ஐடி எழுத்துத் தரமே போடுவதில்லை என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. 2010இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இடம் கிடைத்த பிறகுதான் கிரெடிட் கணக்கு தொடங்குகிறது. 2004க்கும் 2009க்கும் இடையில் மாறிய மாணவர்கள் தாங்கள் சேர்த்த கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. நான்கில் மூன்று பங்கு ஏற்கப்பட்டது என்று பல்கலைக்கழகம் சொன்னாலும் ஏமாந்துவிடக்கூடாது. அவை விருப்பப்பாடக் கணக்கில் போய் விழுந்து, மேஜருக்கு உதவாமல் போகலாம். ஒவ்வொன்றும் மறுபடி கட்டணம் கட்டிப் படிக்க வேண்டிய பாடம். பணத்தில் இன்னொரு மறைவு, உதவித்தொகை: மதிப்பெண்ணுக்காகத் தரும் பரிசுத்தொகைகளைப் பல கல்லூரிகள் முதலாண்டு மாணவருக்கே ஒதுக்கிவிடுகின்றன. எனவே முன்பணம் கட்டும் முன் இரண்டு தாள்கள் கையில் இருக்க வேண்டும்: எந்தப் பாடம் எதற்கு ஈடாக ஏற்கப்பட்டது என்ற பட்டியல், உதவித்தொகைக் கடிதம். ஒழுங்காகத் திட்டமிட்டால் லாபமும் பெரிது. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக் கட்டணமே 14,000, 15,000 டாலரைத் தொடுகிறது.

மாறிப் போய் என்ன பயன்? ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெரிய கலகம் செய்தது. ஒரே தரமான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி தேர்வு பெற்றவர்களில், பெயர்பெற்ற கல்லூரிக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் பிற்கால வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று அவர்கள் கண்டார்கள். வசதி குறைந்த குடும்பத்து மாணவருக்கு மட்டும் வேறுபாடு இருந்தது. 2023இல் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் உச்சக் கல்லூரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் சராசரி வருமானம் பெரிதாக மாறவில்லை. ஆனால் வருமானத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு கணிசமாக உயர்ந்தது. இவை முதலாண்டுச் சேர்க்கையை வைத்துச் செய்த ஆய்வுகள். டிரான்ஸ்ஃபருக்கு அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் ஒன்று புலப்படுகிறது. நல்ல மாநிலப் பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும், வசதியான வீட்டுப் பிள்ளை, இன்னும் பெரிய பெயருக்காக மாறுவதில் கிடைக்கும் ஆதாயம் குறைவு. சமுதாயக் கல்லூரியில் படிக்கும், குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு அது வாழ்க்கையையே மாற்றலாம். 

மாறியவர்கள் தாக்குப்பிடிக்கிறார்களா என்ற சந்தேகம் பழையது. புதிய இடத்தில் முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவதை ஜான் ஹில்ஸ் 1965இலேயே ‘டிரான்ஸ்ஃபர் அதிர்ச்சி’ என்று பெயரிட்டு எழுதினார். சரிவு உண்மை. பெரும்பாலோர் அதிலிருந்து மீள்வதும் உண்மை. தேர்வு கடினமான பல்கலைக்கழகங்களுக்குச் சமுதாயக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள், பள்ளியிலிருந்து நேராக வந்தவர்களுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ பட்டம் முடிக்கிறார்கள் என்று ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை 2019இல் காட்டியது. அப்படியிருந்தும் உயர்தரத் தனியார் கல்லூரிகள் தங்கள் டிரான்ஸ்ஃபர் இடங்களில் பெரும்பகுதியை இன்னொரு நான்காண்டுக் கல்லூரியிலிருந்து வருபவருக்கே தருகின்றன. இதற்கு ஆதாரத்தைவிடப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

சிலிக்கான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கூப்பர்டினோவின் டி ஆன்சா கல்லூரி கூப்பிடு தூரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அதிகம் பேரை அனுப்பும் சமுதாயக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் ‘பையன் டி ஆன்சா போறான்’ என்று சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. அதே பையன் இரண்டு ஆண்டு கழித்துப் பெர்க்லியில் சேர்ந்ததும் நடுவிலிருந்த இரண்டு ஆண்டு பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறது. நம் ஊரில் டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்பவரைப் பார்க்கும் பார்வையும் கிட்டத்தட்ட இதுதானே.

இந்தியாவிலிருந்து நேராக டிரான்ஸ்ஃபருக்கு முயல்பவரின் நிலை இன்னும் சிக்கல். பட்டம் முடித்துவிட்டவர் பெரும்பாலும் இந்த வரிசைக்கே வர முடியாது. முதல் அல்லது இரண்டாம் ஆண்டில் இருப்பவருக்குத்தான் இது. இங்குள்ள மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் தலைப்பும் எண்ணும் மட்டுமே இருக்கும். அதை வைத்து அங்கே யாரும் கிரெடிட் தரமாட்டார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அலகு வாரியான பாடத்திட்டம், வகுப்பு மணிநேரம், பாடநூல் பெயர் எல்லாம் பல்கலைக்கழக முத்திரையோடு வேண்டும்; பல இடங்களில் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கையும் வேண்டும். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்பதையே பல பல்கலைக்கழகங்கள் தேர்வில் எடைபோடுகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளியாருக்கு வழக்கமான கட்டணத்தோடு ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதல் உண்டு. அதனால் சிலர் எஃப்-1 விசாவில் அங்குள்ள சமுதாயக் கல்லூரியிலேயே போய்ச் சேர்ந்து, பின்னர் மாறுகிறார்கள். அவர்கள் கட்டுவது 46 டாலர் விலையல்ல, பல மடங்கு. என்றாலும் பாடங்கள் வீணாகாது, உறுதிச் சேர்க்கையும் அவர்களுக்குப் பொருந்தும். கல்லூரி மாறும்போது விசாப் பதிவை ஒரு நிறுவனம் விடுவித்து இன்னொன்று ஏற்க வேண்டும்; அந்தத் தேதியைத் தவறவிட்டால் மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

கிரெடிட் சிக்கலுக்குக் கலிஃபோர்னியா இப்போது கையில் எடுத்திருக்கும் வேலை பெரிது. 2010இலேயே, குறித்த ஈராண்டுச் சான்றிதழ் பெற்றவருக்கு பழைய மாநிலக் கல்லூரிகளின் இன்றைய வடிவமான மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி, மேலும் 60 யூனிட்டில் பட்டம் என்று சட்டம் வந்தது. 2021இல் வந்த இரண்டு சட்டங்களில் ஒன்று பொதுப்பாடங்களுக்கு இரு பல்கலைக்கழக அமைப்புகளும் ஏற்கும் ஒரே வரிசையைக் கேட்டது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அது நடப்புக்கு வந்திருக்கிறது. மற்றொன்று 116 சமுதாயக் கல்லூரிகளிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் இட வேண்டும் என்கிறது. ஆங்கில எழுத்து, புள்ளியியல் போன்ற அதிகம் பேர் படிக்கும் பாடங்களிலிருந்து அந்த மறுஎண்ணிடல் தொடங்கியிருக்கிறது. தனியார் நிறுவனங்களான ஸ்டான்ஃபோர்டோ தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமோ இதில் எதற்கும் கட்டுப்பட்டவை அல்ல.